ஸ்னோ க்ரூமர் ஆயில் குடிக்கிறதா? வாங்க வேண்டிய கருவிகளும் வாங்கக் கூடாதவையும்

பனிச்சறுக்குச் சரிவுகளை இரவோடு இரவாகச் சீர்படுத்தும் ஸ்னோ க்ரூமர்களில் இருப்பது பெரும்பாலும் கனரக லாரிகளில் வரும் அதே வகை டீசல் இன்ஜின்தான். பிஸ்ட்டென்புல்லி 600 மாடலில் நெடுங்காலம் வந்த மெர்சிடிஸ் ஓஎம் 460 எல்ஏ, ஆறு சிலிண்டர், 12.8 லிட்டர். ஆனால் அந்த இன்ஜின் இங்கே படும் பாடு வேறு. மைனஸ் 20 டிகிரியில் ஸ்டார்ட் ஆகும், பனித்தூளை மூச்சோடு இழுக்கும், மூக்கை நிமிர்த்தியபடி மணிக்கணக்கில் மேடேறும், நடுவில் கேபின் சூட்டுக்காக அரைமணி நேரம் ஐடிலில் (சுமையில்லாமல் ஓடியபடி) நிற்கும். ஆயில் குறைவதன் காரணத்தை இந்த நான்கிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

ஆயில் மட்டம் இறங்கியதும் ‘ரிங் (பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரோடு இழையும் வளையம்) போச்சு, இன்ஜினைப் பிரி’ என்று முடிவுகட்டுவது பெரிய செலவு. சீசன் நடுவில் அப்படிப் பிரித்துவிட்டால் சரிவும் கெடும், வேலையும் கெடும். பிரிப்பதற்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லிப் பல சாமான்கள் விற்கின்றன. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடியில் கிராங்க் சுழலும் அறை) அழுத்தம் பார்க்கும் மானோமீட்டர், ஆயில் லேப் டெஸ்ட் கிட், உள்ளே பார்க்கும் போர்ஸ்கோப் கேமரா, கசிவை ஒளிர வைத்துக் காட்டும் யுவி டை, சிலிண்டருக்குள் காற்றை விட்டுக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் டெஸ்டர், கடைசியில் பாட்டிலில் வரும் மருந்துகள். ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எங்கே நம்மை ஏமாற்றும் என்று பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அளவுக் குடுவை, மானோமீட்டர், லேப் கிட் மூன்றும் கைக்கு வராமல் வேறு எதையும் வாங்க வேண்டாம். பாட்டில் மருந்தில், கடைசியில் சொல்லும் ஒரே ஒரு விதிவிலக்கு தவிர, எதையுமே வாங்க வேண்டாம்.

அளவுக் குடுவை: இது இல்லாமல் மற்றது எதுவும் இல்லை

கோடு போட்ட ஐந்து லிட்டர் குடுவையோ, மீட்டர் வைத்த ஆயில் கன்னோ போதும். ‘தினமும் கொஞ்சம் ஊத்துறோம்’ என்பது தகவல் ஆகாது. டீசலோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் ஆயில் போகிறது என்பதுதான் கணக்கு. மணிக்கு 25 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி எட்டு மணி நேர ஷிப்டில் 200 லிட்டர் எரிக்கும். அதில் 0.1 சதவீதம் என்றால் 200 மில்லி ஆயில், கவலையே வேண்டாம். 0.5 சதவீதம் என்றால் ஒரு லிட்டர். அந்த அளவைத் தொட்டால் காரணம் தேட ஆரம்பிக்க வேண்டும். உங்கள் இன்ஜினின் மேனுவலில் வேறு வரம்பு போட்டிருந்தால் அதுதான் செல்லும். ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள். பத்து ஷிப்டின் டீசலையும் ஆயிலையும் கூட்டி வகுங்கள்.

டிப்ஸ்டிக் பார்க்கும் முறையிலேயே பாதிப் பிழை வந்துவிடுகிறது. பனிமேல் நிற்கும் வண்டி கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சமமாக இருக்காது. ஒவ்வொரு முறையும் ஷெட்டின் கான்கிரீட் தரையில், அதே இடத்தில், முன் பிளேடையும், பனியைக் கிளறிச் சமப்படுத்தும் பின் டில்லரையும் தரையில் இறக்கி, இன்ஜின் அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குளிர்ந்த ஆயில் மேலிருந்து சம்புக்கு (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கி வர நேரமெடுக்கும். அவசரப்பட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும், உடனே ஊற்றுவோம், மறுநாள் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். அப்படித் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கி, அந்த மூடுபனி பிரீதர் (கிராங்க்கேஸ் மூச்சுவிடும் வழி) வழியே வெளியேறும். ஊற்றிய ஆயில் ‘காணாமல் போவது’ இப்படித்தான். ஆகவே தினமும் மேல் கோடு வரை நிரப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, கீழ்க் கோட்டை நெருங்கும்போது மட்டும் அளந்து ஊற்றுங்கள். குறைவது தானே நின்றுவிடுகிறது என்றால் நோய் இன்ஜினில் இல்லை.

வின்ச் (வண்டியை மேலிருந்து பிடித்து இழுக்கும் கம்பிவடம்) கட்டிச் செங்குத்துச் சரிவில் வேலை செய்த இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். வண்டி அந்த அளவு சாயும்போது சம்பில் உள்ள ஆயில் ஒரு மூலைக்கு ஓடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் டிரெய்ன் குழாய்க்கு வழி அடைபடலாம், பிரீதர் பக்கம் ஆயில் ஏறலாம். வின்ச் இரவுகளில் மட்டும் குடிக்கிற இன்ஜினுக்கு ரிங்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அங்கே முதலில் ஆயில் மட்டத்தையும் டிரெய்ன் குழாயையும் பாருங்கள்.

இன்னொரு பொறி, ஆயில் மட்டம் குறையவே இல்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைப்பது. இன்ஜெக்டர் கசிந்து டீசல் சம்புக்குள் வந்தாலோ, டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) ரீஜெனரேஷனில், அதாவது அந்தக் கரியை எரிக்கும்போது, அடிக்கும் கூடுதல் டீசல் சுவரோடு வழிந்தாலோ, குறைகிற ஆயிலின் இடத்தை டீசல் நிரப்பிவிடும். இன்ஜின் கியர்களிலிருந்து நேராக ஓடும் ஹைட்ராலிக் பம்ப் இருந்தால் அதன் ஷாஃப்ட் சீல் வழியே ஹைட்ராலிக் ஆயிலும் உள்ளே வரும். குடுவைக் கணக்கு இதைச் சொல்லாது. அதற்குத்தான் லேப் கிட், பின்னால் வருகிறேன்.

மானோமீட்டர்: முதல் இடம் இதற்குத்தான்

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயுவை மெக்கானிக்குகள் புளோ-பை என்பார்கள். அது கிராங்க்கேஸில் அழுத்தத்தை ஏற்றும். அந்த அழுத்தத்தை அளக்கிற கருவிதான் மானோமீட்டர். யு வடிவில் வளைத்த தெளிவான பிளாஸ்டிக் குழாய், நடுவே அளவுகோல், உள்ளே தண்ணீர். 102 மி.மீ. தண்ணீர் உயரம் ஒரு கிலோபாஸ்கல். டிப்ஸ்டிக் குழாயிலோ ஆயில் ஊற்றும் மூடியிலோ ஒரு ஃபிட்டிங் வைத்து இணைக்க வேண்டியதுதான், வேறு வித்தை எதுவும் இல்லை.

க்ரூமருக்கு வாங்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் உறையும். ரேடியேட்டர் கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றலாம். ஆனால் அந்தக் கலவை தண்ணீரைவிடச் சுமார் ஏழு சதவீதம் கனம். அளவுகோலில் 100 மி.மீ. காட்டினால் உண்மை 107. சிறிய வித்தியாசம்தான், ஆனால் மேனுவல் வரம்பின் விளிம்பில் நிற்கும் இன்ஜினுக்கு அதுவே தீர்ப்பை மாற்றிவிடும்.

யு குழாய் சாய்ந்தால் பொய் சொல்லும். புளோ-பை உண்மையாகத் தெரிவது முழுச் சுமையில். முழுச் சுமை என்றால் பிளேடு நிறையப் பனியைத் தள்ளிக்கொண்டு, டில்லர் ஓட, மேடேறுவது. அப்போது கேபினில் மாட்டிய குழாயும் வண்டியோடு சாயும், அளவுகோல் செங்குத்தில் நிற்காது. அதனால் சரிவில் பார்க்க டிஜிட்டல் மானோமீட்டர்தான் சரி. பத்து கிலோபாஸ்கல் வரை காட்டும் சின்ன ரேஞ்ச் உள்ளதை எடுங்கள். பல பார் வரை காட்டும் டிஜிட்டல் கேஜில் நமக்கு வேண்டிய அசைவே தெரியாது. யு குழாயை ஷெட்டில் வைத்து, சமதளத்தில் டிஜிட்டலைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

ஆயில் மூடுபனி சென்சாரைக் கெடுக்கும். கிராங்க்கேஸிலிருந்து மேலேறி வரும் ஹோஸில் ஒரு சிறு காலி பாட்டிலை இடையே வைத்தால் ஆயில் அதிலேயே தங்கும், எண் துடிப்பதும் அடங்கும். ஹோஸ் எவ்வளவு நீளமானாலும் அழுத்தம் மாறாது. ஆகவே கேபின் வரை தாராளமாக இழுக்கலாம். பெல்ட்டையும் டர்போவின் சூட்டையும் தொடாமல் கட்டுவதில் மட்டும் கவனம்.

சில தயாரிப்பாளர்கள் பிரீதர் வாயில் குறிப்பிட்ட அளவுத் துளையுள்ள அடைப்பானை மாட்டி அளக்கச் சொல்வார்கள். துளையின் அளவு மாறினால் எண்ணும் மாறும். ‘எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் அடைப்பானை வாங்காதீர்கள், உங்கள் இன்ஜின் மேனுவல் சொல்லும் துளை அளவையே வாங்குங்கள். அதைவிட முக்கியமானது, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே சீசன் தொடக்கத்தில் ஒரு எண்ணை எடுத்து எழுதி வைப்பது. மேனுவலின் வரம்பைவிட உங்கள் வண்டியின் பழைய எண் சொல்வது அதிகம்.

இனி அளக்கும் வரிசை. இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். பிரீதர் உள்ளது உள்ளபடி ஒருமுறை அளக்கவும். அழுத்தம் அதிகமென்றால், பிரீதர் ஃபில்டர் எலிமென்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கவும். விழுந்துவிட்டால் எலிமென்ட் அடைத்திருக்கிறது. புதிது மாட்டினால் கதை முடிந்தது. விழவில்லையென்றால் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். டர்போ சீல் தேய்ந்தால் அழுத்தக் காற்று ஆயில் டிரெய்ன் குழாய் வழியாகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கி, ரிங் தேய்ந்தது போலவே காட்டும். டிரெய்ன் குழாயை பிளாக்கிலிருந்து கழற்றி, பிளாக்கின் துளையை அடைத்து, குழாயை ஒரு உலோக டப்பாவுக்குள் விட்டுச் சிறிது நேரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஆயில் தெறித்தால் தீப்பிடிக்கும். இதை ஷெட்டில், நிற்கும் வண்டியில், தீயணைப்பானோடு ஓர் ஆளை நிறுத்திக்கொண்டுதான் செய்ய வேண்டும். இப்போது அழுத்தம் விழுந்தால் டர்போ. அப்படியே நின்றால்தான் ரிங், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன்.

இந்தக் கருவிக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம், குளிர்தேசத்தின் தனி நோய் ஒன்றை இது மட்டும்தான் பிடித்துக் காட்டும். பிரீதர் வழியே வரும் வாயுவில் ஈரம் நிறைய. ஹோஸின் வெளிமுனை மைனஸ் 20-இல் தொங்கினால் அந்த ஈரம் முனையில் உறையும். மேலுக்கு மேல் உறைந்து, கட்டைவிரல் தடிமனில், ஓரத்தில் ஆயில் படிந்து பழுப்பேறிய பனிக்கட்டி அடைப்பாக நிற்கும். கிராங்க்கேஸ் மூச்சுத் திணறும். அழுத்தம் ரியர் மெயின் சீலையும், வால்வ் கவர் கேஸ்கெட்டையும், டிப்ஸ்டிக் குழாயையும் தேடிப் போகும். டர்போவிலிருந்து ஆயில் இறங்க வழியில்லாமல், சீலைத் தாண்டி இன்டர்கூலருக்குள் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) வழியும். விடியற்காலையில் வண்டி ஷெட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அடைப்பு உருகிவிடும். பகலில் மெக்கானிக் வந்து பார்க்கும்போது ஹோஸ் முனையின் கீழே ஒரு சின்ன ஈரத் திட்டு, அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருக்கும், அடுத்த இரவு மறுபடி குடிக்கும். இதைப் பிடிக்க ஒரே வழி, வேலை முடிந்த கையோடு, வெளியே, குளிரிலேயே அழுத்தம் பார்ப்பது.

தீர்வு எளிது. ஹோஸ் எங்கும் தொய்ந்து குழியாகாமல் நேராக இறங்கட்டும், தொய்வில் தண்ணீர் தேங்கி உறையும். முனை காற்றடிக்கும் இடத்தில் நீட்டி நிற்காமல் இன்ஜின் அறைக்குள்ளேயே முடியட்டும். மேலே இன்சுலேஷன் உறை போடுங்கள். மிகக் குளிரான இடங்களுக்கு மின்சூட்டு பிரீதர் ஹோஸ்கள் கிடைக்கின்றன. அவை நல்லவை, ஆனால் இக்னிஷன் போட்டால் ஓடும் சர்க்யூட்டில் ஃபியூஸோடு இணைத்தால்தான். நேராக பேட்டரியில் கட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூடிய வகை பிரீதர் (வாயுவை வெளியே விடாமல் இன்ஜினுக்கே திருப்புவது) உள்ள வண்டிகளில் ஃபில்டர் எலிமென்ட்டை மேனுவல் சொல்லும் மணிக்கணக்கில் மாற்றுங்கள். நீண்ட ஐடில் உள்ள வண்டிகளில் அதற்கும் முன்பே அடைக்கும்.

லேப் கிட்: நல்லது, ஆனால் குடிக்கும் இன்ஜினிடம் ஏமாறும்

சிறு பாட்டில், உறிஞ்சும் கைபம்ப், ஒரு படிவம். சாம்பிளை அனுப்பினால் சில நாளில் அறிக்கை வரும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, புதுக் குழாயை டிப்ஸ்டிக் வழியே விட்டு, சம்பின் அடிமட்டத்தைத் தொடாமல் பாதி ஆழத்தில் உறிஞ்ச வேண்டும். அடியில் கிடக்கும் கசடு வந்தால் அறிக்கையே கெடும்.

இந்தச் சேவையின் பெரிய குறையைப் பெரும்பாலான விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆயில் குடிக்கும் இன்ஜினில் நாம் அடிக்கடி புது ஆயில் ஊற்றுகிறோம். தேய்ந்த உலோகத் துகள் அதில் நீர்த்துப்போகிறது. 40 லிட்டர் சம்பில், இரு ஆயில் மாற்றத்துக்கு நடுவே சிறிது சிறிதாக 20 லிட்டர் ஊற்றியிருந்தால், 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு) காட்ட வேண்டிய இரும்பு 47 அளவில்தான் காட்டும். 40 லிட்டர் ஊற்றியிருந்தால் 38. அதாவது எவ்வளவு மோசமாகக் குடிக்கிறதோ அவ்வளவு நல்ல அறிக்கை வரும். அதனால் படிவத்தில் இன்ஜின் ஓடிய மொத்த மணி, இந்த ஆயில் ஓடிய மணி இரண்டோடு, ஊற்றிய மொத்த லிட்டரையும் எழுதுங்கள். அதற்கு இடமே இல்லாத படிவம் வைத்திருக்கும் லேபை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிக்கையில் தனி எண்ணைப் பார்க்காமல் சேர்க்கையைப் பாருங்கள். சிலிக்கானும் இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போகிறது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸ் கிழிந்திருக்கும். பனிக்காலத்தில் தூசியா என்று கேட்கலாம். சீசன் தொடக்கத்திலும் பனி உருகும் காலத்திலும் தரை வெளியே தெரியும், அங்கே ஓடிய மணிகளில்தான் லைனர் தேயும். ஆனால் சிலிக்கான் மட்டும் தனியாக ஏறி மற்ற உலோகம் எதுவும் ஏறவில்லையென்றால், சமீபத்தில் தடவிய சிலிக்கோன் கேஸ்கெட் பசையாகவும் இருக்கலாம், பதற வேண்டாம். சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கலக்கிறது.

40 கிரேடு ஆயிலின் பிசுக்குமை (ஆயில் எவ்வளவு தடிப்பு என்பதன் அளவு) 100 டிகிரியில் 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் நடுவே இருக்க வேண்டும். அதற்குக் கீழே போயிருந்தால் டீசல் கலந்ததா, ஹைட்ராலிக் ஆயில் கலந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டீசல் அளவை லேப் தனியாகச் சொல்லும். அது குறைவாக இருந்து, கால்சியமும் இறங்கியிருந்தால், ஹைட்ராலிக் பம்ப் சீலைச் சந்தேகியுங்கள். பல க்ரூமர்களில் மண்ணில் மக்கும் எஸ்டர் வகை ஹைட்ராலிக் ஆயில் ஓடுகிறது. அகச்சிவப்பு சோதனையில் எஸ்டர் தனியாகத் தெரியும். சில செயற்கை இன்ஜின் ஆயிலிலும் எஸ்டர் உண்டு என்பதால், உங்கள் இரு ஆயில்களின் புதுச் சாம்பிளையும் ஒருமுறை அனுப்பி ஒப்பிடச் சொல்லுங்கள். ஒருமுறை செய்யும் இந்தச் செலவு பிறகு பல சண்டைகளைத் தவிர்க்கும்.

டார்ச்சும் ஸ்பேனரும்

எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக் கூடிய ஒரு சோதனை இருக்கிறது, அதைத் தவிர்த்துவிட்டு யாரும் மேலே போகக் கூடாது. இன்டர்கூலரின் அடி ஹோஸைக் கழற்றுங்கள். உள்சுவரில் மெல்லிய ஆயில் படலம் இயல்புதான். பிரீதர் காற்று இன்ஜினுக்கே திரும்பும் வண்டிகளில் அது இருந்தே தீரும். ஆனால் ஹோஸைச் சாய்த்ததும் கோப்பையில் ஊற்றுவது போல ஆயில் வழிந்தால், அது டர்போ வழியாகவோ பிரீதர் வழியாகவோ வந்தது. பிறகு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி ஆறு வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறும் காய்ந்திருந்து டர்போவின் டர்பைன் வெளிவாய் மட்டும் ஈரமாக இருந்தால் டர்போதான். ஒரே ஒரு வாய் ஈரமாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரின் ரிங் அல்லது வால்வ் கைடு (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழல்). ஆறுமே ஈரம் என்றால் ஐடில் அதிகமாகி லைனர் பளபளப்பேறியிருக்கலாம், அல்லது மொத்தத் தேய்மானம்.

டர்போ என்று தெரிந்ததும் டர்போவை மாற்றிவிடாதீர்கள். ஏர் ஃபில்டரில் பனித்தூள் அடைத்து உறைந்தால் கம்ப்ரஸர் வாயில் உறிஞ்சல் ஏறும், நல்ல சீல் வழியாகவும் ஆயிலை இழுக்கும். உறிஞ்சல் காட்டும் இண்டிகேட்டர் பல கனரக டீசல்களில் 6.2 கிலோபாஸ்கல் அளவில் சிவப்புக்குப் போகும். சிவப்பைக் காட்டுவதோடு நிற்காமல், இரவில் எந்த உச்சத்தைத் தொட்டது என்று பிடித்து வைத்திருக்கும் வகை கிடைக்கும், அதையே வாங்குங்கள். காரணம் பழையதுதான்: காலையில் பனி உருகி ஃபில்டர் நல்ல பிள்ளையாகிவிடும். நனைந்து காய்ந்த பேப்பர் எலிமென்ட்டை ஊதி மறுபடி போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

போர்ஸ்கோப்பும் யுவி டையும்

இன்ஜெக்டர் துளை வழியே உள்ளே விடும் கேமராவில் முனை திரும்பும் வகை மட்டுமே இந்த வேலைக்கு உதவும். நேராக மட்டும் பார்க்கும் மலிவு வகை பிஸ்டன் தலையைக் காட்டும். நமக்கு வேண்டிய லைனர் சுவரைக் காட்டாது. சுவரில் ஹோனிங் கீறல்கள் (ஆயில் தங்குவதற்காக வேண்டுமென்றே போட்டவை) குறுக்காகத் தெரிந்தால் நல்லது. மேல்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தால் பிஸ்டன் மேல்விளிம்பில் கரி ஏறி லைனரைத் தேய்த்திருக்கிறது. செங்குத்தாக ஆழமான கோடுகள் தெரிந்தால் ரிங் கதை முடிந்தது, ஓவர்ஹாலுக்குத் தயாராகலாம். வால்வ் தண்டிலிருந்து பிஸ்டன் வரை ஒரு ஈரக் கோடு இறங்கினால் கைடு அல்லது சீல். படம் எடுத்துச் சேமிக்கும் வசதி கட்டாயம் வேண்டும், ஆறு சிலிண்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எது வேறு என்று கண்ணுக்குத் தெரியும்.

யுவி டைக்கு க்ரூமரில் தனி மதிப்பு உண்டு. அடித்தகட்டில் பனி புகுந்து உருகி உறைந்து, கசியும் ஆயிலை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆயில் ஈரமாகத் தெரியும் இடமும் கசியும் இடமும் ஒன்றாகவே இருக்காது. கசிவைத் தரையில் பார்க்கவும் முடியாது, சொட்டு சரிவெங்கும் விழுந்து டில்லர் அதைப் பனியோடு கலந்துவிடும். முதலில் அடித்தகட்டைக் கழற்றி, இன்ஜினைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தி, பாட்டில் சொல்லும் அளவை சம்பின் முழுக் கொள்ளளவுக்குக் கணக்கிட்டு ஊற்றி, ஒரு ஷிப்ட் ஓட்டி, இருட்டில் விளக்கடித்துப் பாருங்கள். சில ஹைட்ராலிக் ஆயில்களும் கூலன்ட்களும் தாமாகவே ஒளிரும். ஊற்றுவதற்கு முன் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்து வைத்தால் குழப்பம் வராது. கழுவாமல் டை ஊற்றினால் பழைய அழுக்கெல்லாம் சாட்சி சொல்லும், காசு வீண்.

லீக்-டவுன் டெஸ்டர்

மானோமீட்டர் ரிங்கைக் காட்டிய பிறகு மட்டும் இதை எடுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளைக்கேற்ற அடாப்டர் மாட்டி, பிஸ்டனை மேல்மட்டத்தில் நிறுத்திக் காற்று விடுகிற வேலை. கசிவு சதவீதத்தைவிட, காற்று எங்கே போகிறது என்ற சத்தமே முக்கியம்: ஆயில் மூடியில் சீறினால் ரிங், எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது லைனர். ஆனால் மற்ற கருவிகளில் இல்லாத ஆபத்து இதில் இருக்கிறது. 128 மி.மீ. பிஸ்டன்மேல் ஏழு பார் காற்று என்றால் சுமார் 900 கிலோ எடை. பிஸ்டன் மேல்மட்டத்திலிருந்து சற்றே விலகியிருந்தாலும் கிராங்க் சடாரென்று திரும்பும். ஃப்ளைவீலைப் பூட்டும் கருவி இல்லாமல் இதைத் தொடக் கூடாது, திருப்பும் பாரை கிராங்கில் மாட்டி விட்டுவிடவும் கூடாது. அடாப்டர் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்பதால், ஒரே வகை வண்டிகள் பல வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கினால் போதும். மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கலாம்.

பாட்டில் மருந்துகள்

‘ஆயில் ஸ்டாப்’ வகைகளில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைத் தடிமனாக்கும் பாலிமர். தடித்த ஆயில் தேய்ந்த ரிங் வழியாகக் கொஞ்சம் மெதுவாக ஏறும், அது உண்மை. ஆனால் 5டபிள்யூ என்ற குளிர்கால கிரேடு ஆயில் வாங்குவதே மைனஸ் 30-இல் கிராங்க் சுழலவும் மைனஸ் 35-இல் பம்ப் இழுக்கவும்தான். அதில் தடிப்பானை ஊற்றினால் அந்தத் தகுதி போய்விடும். காலையில் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில் டர்போ பேரிங்குக்கும் மெயின் பேரிங்குக்கும் ஆயில் தாமதமாகப் போகும். ஆயில் குறைவதை நிறுத்தப் போய் பேரிங்கை இழப்பது நியாயமில்லை. சீலை வீங்க வைக்கும் மருந்து, காய்ந்து இறுகிய ரப்பர் சீலில் சின்னக் கசிவை ஓரளவு குறைக்கலாம். ஆனால் அது நல்ல சீலையும் சேர்த்து மென்மையாக்கும். ரிங்கில் ஒட்டிய கரியைக் கரைக்கும் ஃப்ளஷ், ஐடில் அதிகமான வண்டிக்கு ஒருமுறை முயலலாம். செய்தால் உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், அடுத்த மாற்றத்தையும் பாதி மணியில் வையுங்கள், கரைந்த கரி ஃபில்டரை நிரப்பிவிடும்.

ஐடிலால் வந்த குடிக்கு இவற்றைவிட நல்ல மருந்து சுமைதான். கேபின் சூட்டுக்கு இன்ஜினை ஓட்டாமல் டீசல் ஹீட்டரைப் போடுங்கள். முழுச் சுமைக்குச் சற்றுக் கீழே சில ஷிப்ட் தொடர்ந்து வேலை கொடுங்கள். லேசாகப் பளபளப்பேறிய லைனர் என்றால் குடுவைக் கணக்கு தானே இறங்கும். இறங்கவில்லையென்றால் பளபளப்பு ஆழமாகிவிட்டது, ஹோனிங்தான் வழி.

ஆயிலே காரணமாக இருக்கலாம்

எல்லாம் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் ஆயில் கேனின் தகவல் தாளைப் படியுங்கள். அதில் நோவாக் என்று ஒரு எண் இருக்கும். 250 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதன் அளவு அது. ஏபிஐ சிகே-4, ஏசிஇஏ ஈ என்ற கனரக டீசல் ஆயில் தரங்கள் 13 சதவீதம் வரை அனுமதிக்கின்றன. முழுச் சுமையிலேயே இரவெல்லாம் ஓடும் இன்ஜினில் 13-க்கும் 9-க்கும் வித்தியாசம் குடுவையில் தெரியும். தகவல் தாளில் நோவாக் எண்ணைப் போடாத ஆயிலை க்ரூமருக்கு வாங்க வேண்டாம்.

டிபிஎஃப் உள்ள வண்டிக்கு ஒரு கணக்கு கூடுதல். இங்கே நீலப் புகை தெரியாது, ஃபில்டர் அதை மறைத்துவிடும். ஆயிலின் சாம்பல் மட்டும் உள்ளே தங்கும். ஒரு சதவீதம் சாம்பல் உள்ள ஆயில் நூறு லிட்டர் எரிந்தால், கிட்டத்தட்ட 850 கிராம் சாம்பல் டிபிஎஃபில் சேரும். கரி ரீஜெனரேஷனில் எரிந்து போகும், சாம்பல் போகாது. டிபிஎஃபை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் இடைவெளி முந்தைய சீசனைவிடக் குறைந்திருந்தால், டிப்ஸ்டிக் என்ன சொன்னாலும், இன்ஜின் ஆயிலை எரிக்கிறது என்று எடுத்துக்கொண்டு குடுவையைக் கையில் எடுங்கள். பிராண்டை மாற்றினால் அதே நாளில் பிரீதரையோ டர்போவையோ தொடாதீர்கள். மாற்றியது ஒன்றாக இருக்கட்டும், பத்து ஷிப்ட் கணக்கு எழுதிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.